வாயில்லா ஜீவனின் வழக்கு

(விருதுநகர் மாவட்டத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



நேற்று முழுவதும் இம்முகாமில் குடிநீர், தெருவிளக்கு, வரிவசூல், கண்மாய் மராமத்து ஆகியவை பேசப்பட்டன. இன்று முற்பகல் எமக்கு ஒதுக்கப்பட்டுள்ள பொருள், பிராணிவதைக் குற்றங்களைப் புலன் விசாரிக்கும் அலுவலர்களின் பணி என்பதாகும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்த உறுப்பினர் ஒருவர் தேநீர் வேளையில் எம்மிடம், "மனுசன் குறையைக் கேக்கவே ஆள் இல்லை, மாட்டுக் குறையை விசாரிக்க ஓர் அதிகாரியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்; ஆயினும் கேள்வி நியாயமானது. கரிசல் காட்டில் மழை பொய்த்த ஆண்டில் மனிதனுக்கும் மாட்டிற்கும் ஒரே பஞ்சம்தான். அவருக்கு விடையாகச் சொல்ல எம்மிடம் ஒரு நிகழ்ச்சி உண்டு. அதையே முதலில் கூறிவிடுகிறோம். அதில் எம் தவறும் கலந்திருக்கிறது. ஆதலால் ஊரின் பெயரையும் ஆட்களின் பெயரையும் கூறப்போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள ஒரு சிற்றூரில் நடந்தது இது. மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவம். மேய்ச்சல் முடிந்து மாலையில் திரும்பிய பசு ஒன்று, புஞ்சை வரப்பில் கிடந்த உருண்டை ஒன்றைத் தீனி என்றெண்ணிக் கடித்தது. அது காட்டுப்பன்றிக்கென்று யாரோ வைத்த அவுட்டுக்காய். கடித்த மாத்திரத்தில் வெடித்து, பசுவின் கீழ்த்தாடை சிதறிப் போயிற்று. அப்பசு கணவனை இழந்த ஒரு தாய்க்கு உரியது. காலையும் மாலையும் பால் சங்கத்திற்கு ஊற்றும் பாலே அக்குடும்பத்தின் வருவாய். மூன்று நாள் அந்தப் பசு உயிரோடிருந்தது. தீனி எடுக்க முடியாமல், தண்ணீர்த் தொட்டிக்குள் முகத்தை வைத்தபடியே நின்றது. நான்காம் நாள் விடியுமுன் இறந்தது.

முதல் நாள் இரவே பஞ்சாயத்துச் செயலர் எமக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். அலுவலகத்தில் அவ்வாரம் தணிக்கை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டோம். நாளை என்பது ஐந்து நாள் ஆயிற்று. நாம் மாவட்டத்திலிருந்து வந்த அலுவலருடன் ஊருக்குச் சென்றபோது, பசுவை உப்புக் கொட்டிப் புதைத்திருந்தார்கள். இரத்தம் படிந்த தீவனத்தை எரித்திருந்தார்கள். வரப்பில் கிடந்த நூல், காகிதத் துணுக்குகளைப் பிள்ளைகள் பொறுக்கிச் சென்றிருந்தார்கள். வைத்தவர் யார் என்பது ஊரறிந்த செய்தி; பெரியவர்கள் கூடி ஒரு தொகையைப் பேசி, பாதியைக் கொடுக்கவும் செய்திருந்தார்கள். "போனது போச்சு, ஐயா. இதுக்குப் போய் ஊருக்குள்ள வழக்கா?" என்றார் ஒருவர்.

அலுவலர் கேட்ட கேள்விகள் சிலவே. புண்ணைப் படம் எடுத்தது யார்? கால்நடை மருத்துவர் பார்த்தாரா? எந்த இடம், எத்தனை மணி? பார்த்தவர் கையொப்பமிடுவாரா? ஒன்றுக்கும் விடை இல்லை. அவர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. குறிப்பேட்டில் தேதியை மட்டும் எழுதி மூடினார். வழக்கு அங்கேயே முடிந்தது.

வேறெந்தக் குற்றத்திலும் பாதிக்கப்பட்டவர் வாய் திறந்து, "என்னை இன்னார் அடித்தார்" என்று சொல்வார். இந்த ஒரு குற்றத்தில் அது இல்லை. புண்தான் சாட்சி, புண்ணோ ஆறிவிடும், அல்லது பிராணியோடு மண்ணுக்குள் போய்விடும். ஆதலால் விசாரணை அலுவலரின் திறமை ஒருபுறம் இருக்க, அவர் வந்து சேருமுன் ஊர் என்ன செய்தது என்பதிலேயே வழக்கின் உயிர் இருக்கிறது. இன்று நாம் சொல்ல வந்தது முழுவதும் இதைப்பற்றியதே.

இப்பணி நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்தில் 1822ஆம் ஆண்டில் கால்நடைகளைக் கொடுமை செய்வதைத் தடுக்கும் சட்டம் பிறந்தது. சட்டம் இருந்தும் முறையிட ஆளில்லாமையால், 1824இல் லண்டனில் ஒரு சங்கம் தோன்றி, ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தைக்குக் கூலி கொடுத்து ஆள் அனுப்பிப் பார்த்து வரச் செய்தது. அதுவே இன்றைய விசாரணை அலுவலரின் தொடக்கம். நம் நாட்டில் கல்கத்தாவில் 1861லும், சென்னையில் 1877லும் அத்தகைய சங்கங்கள் ஏற்பட்டன. சுதந்திரத்திற்குப் பின், மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ராஜ்ய சபையில் தனி உறுப்பினராக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அம்மையார் அதைத் திரும்பப் பெற்றார். அவ்வாறு வந்ததே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962இல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. அம்மையாரே அதன் முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையிலேயே இருந்தது.

இனி, அலுவலர் என்று நாம் சொல்வது யாரை? தனிச் சீருடை அணிந்த ஒருவரைத் தேட வேண்டாம். போலீஸ் நிலையத்தில் கான்ஸ்டபிளுக்கு மேற்பட்ட எவரும், அரசாங்கம் அதிகாரம் கொடுத்த வேறு எவரும், வதைக்குள்ளான பிராணியைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட்டிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். மாவட்டந்தோறும் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் வேண்டுமென்று 2001ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. வாரியம் நியமிக்கும் கௌரவ அலுவலர்களும் உண்டு. காட்டு விலங்கு சம்பந்தப்பட்டால் வனத்துறையினர் வருவர். ஆனால் எல்லா வழக்குக்கும் அச்சாணி கால்நடை உதவி மருத்துவரே. அவர் எழுதும் சான்றிதழ் இன்றி ஒரு வழக்கும் நடவாது.

சட்டத்தின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. வண்டி மாட்டை அடித்ததற்கும் அளவு மீறிப் பாரம் ஏற்றியதற்கும் முதற்குற்றமாயின் 50 ரூபாய் வரையே அபராதம் என்று 1960இல் எழுதினார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொகை அசையாமல் நின்றது. அன்றைய 50 ரூபாய் ஓர் உழவனுக்குப் பெருந்தொகை. இன்று அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. அடித்தல், பாரம் ஏற்றுதல் போன்றவற்றைப் போலீசார் தாமாகவே பதிந்து விசாரிக்கவும் இயலாது. ஆனால் பிராணியைக் கொல்வது, நஞ்சிடுவது, ஊனப்படுத்துவது என்றால் நிலைமை வேறு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி அதற்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அந்தத் தாயின் பசுவுக்கு நேர்ந்தது இவ்வகையைச் சேர்ந்தது. மற்றுமொன்று நினைவிருக்கட்டும்: 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க, குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதமே கெடு.

மூக்கணாங்கயிறு குத்துவதும், காயடிப்பதும், சூடு போடுவதுங்கூடக் குற்றமா என்று உழவர்கள் அடிக்கடி எம்மைக் கேட்பதுண்டு. விதித்த முறைப்படி செய்தால் குற்றமன்று என்று சட்டமே விலக்கு அளிக்கிறது. உழவுத் தொழிலை நிறுத்த எவரும் இச்சட்டத்தைச் செய்யவில்லை.

இப்போது பாரவண்டிக்கு வருவோம். டிராக்டரும் சரக்கு ஆட்டோவும் வந்த பின் வண்டி மாடுகள் அருகிவிட்டன என்பது உண்மையே. எனினும் சீமைக் கருவேலங்கரி, விறகு, செங்கல் ஆகியவற்றை இன்னும் சில இடங்களில் மாடுதான் இழுக்கிறது. 1965ஆம் ஆண்டு விதிகள் இதற்கு அளவு வகுத்துள்ளன. 200 கிலோவுக்கு மேல் 350 கிலோ வரை எடையுள்ள நடுத்தர மாடு ஒன்று, காற்றடைத்த டயர் வண்டியாயின் 1,050 கிலோ, கட்டை வண்டியாயின் 700 கிலோ இழுக்கலாம். 200 கிலோவுக்கு உட்பட்ட சிறு மாட்டிற்கு முறையே 750, 500. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. ஐந்து மணி நேரத்திற்கு ஒருமுறை அவிழ்த்துவிட வேண்டும். வெயில் 37 டிகிரிக்கு மேல் ஏறும் இடத்தில், பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. சித்திரை வைகாசியில் நம் மாவட்டத்தில் 37 என்பது முற்பகலிலேயே வந்துவிடுகிறது! ஆணி வைத்த தார்க்குச்சியும் விலக்கப்பட்டதே.

ஒரு வைகாசி மாதத்துப் பகல் ஒரு மணிக்கு, கரி மூட்டை ஏற்றிய ஒற்றை மாட்டு வண்டியை அலுவலர் ஒருவர் நிறுத்தியபோது நாமும் உடனிருந்தோம். அவர் செய்த முதற்காரியம், மாட்டை அவிழ்த்து வேப்பமர நிழலில் கட்டித் தண்ணீர் காட்டியது. மாடு இளைப்பாறிய பிறகே வண்டி எடைமேடைக்குப் போயிற்று. விதி அனுமதித்ததைவிடப் பாரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. பின்னர் கழுத்துப் புண்ணைப் பார்த்தார்: அதன் நீளமென்ன, அகலமென்ன, சீழ் உண்டா, ஓரத்தில் தோல் தடித்திருக்கிறதா என்று அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தடித்த ஓரமாயின் பல வார காலம் புண்ணோடு பூட்டப்பட்ட மாடு என்று பொருள். பின்தொடையில் சிறு சிறு துளைகள் இருந்தன. தார்க்குச்சியின் ஆணியை அத்துளைகளின் பக்கத்தில் வைத்து அதற்கும் ஒரு படம். இவ்வளவும் முடிந்த பிறகே வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார்.

வண்டிக்காரர் அழுதுவிட்டார். "மூட்டை மொத்தத்துக்கும் கூலி பேசியாச்சு, ஐயா. ரெண்டு நடையா அடிச்சா ஒரு நாள் போயிரும், அடுத்த நாள் வேற வண்டியைக் கூப்பிட்டுக்குவாங்க" என்றார். கரி வியாபாரி நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த காட்சியை நாம் மறக்கவில்லை. அலுவலர் வியாபாரியின் வாக்குமூலத்தையும் எழுதினார்; ஏனெனில் இழுத்தவரை மட்டுமன்றி, இழுக்கச் செய்தவரையும் சட்டம் பொறுப்பாக்குகிறது. நல்ல விசாரணைக்கு அடையாளம் இதுவே என்பது எம் கருத்து. சாட்டை பிடித்த கையோடு நின்றுவிடும் விசாரணை, ஏழையை மட்டும் தண்டித்துவிட்டு அடுத்த வண்டிக்கு வழிவிடுகிறது.

அன்று வந்த பெரிய சங்கடம் வேறு. கைப்பற்றிய மாட்டை எங்கே கட்டுவது? வழக்கு முடியும்வரை அதற்குத் தீனி யார் போடுவது? நகை, பணம் என்றால் நீதிமன்றத்துப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். வழக்குச் சொத்து வைக்கோல் கேட்கிறது, தண்ணீர் கேட்கிறது. அருகிலிருந்த பஞ்சாயத்துப் பவுண்டுக்குக் கொண்டுபோனோம். சுவர் இருந்தது, கூரை இல்லை. தொட்டி இருந்தது; அதில் முள்வெட்டிய சீமைக் கருவேலந் தூர்களைப் போட்டு வைத்திருந்தார்கள். பட்டியில் அடைத்த மாட்டிற்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டுமென்று 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமே சொல்லுகிறது. வதை செய்தவனிடமிருந்து மீட்ட மாட்டை நாமே தாகத்தில் நிறுத்தினால், அதை என்னவென்று சொல்வது? அன்றிரவு ஒரு டீக்கடைக்காரர் தம் வீட்டுத் தொழுவத்தில் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார். அவருக்குப் பஞ்சாயத்திலிருந்து தீனிச் செலவு கொடுக்க நாம் அலைந்த அலைச்சலைப்பற்றித் தனியாகவே ஓர் உரை நிகழ்த்தலாம்.

விசாரணை அலுவலரின் குறிப்பேடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் அண்டை மாவட்டமே சான்று. 2013 பொங்கலின்போது அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஆகிய மூன்று ஊர்களிலும் வாரியத்தின் சார்பில் பார்வையாளர்கள் சல்லிக்கட்டைக் கண்டு அறிக்கை எழுதினர். காளையின் காது அறுக்கப்பட்டிருந்ததா, வால் முறுக்கப்பட்டதா, கண்ணிலும் மூக்கிலும் ஏதேனும் இடப்பட்டதா, வாடிவாசலுக்குப் பின்னே எவ்வாறு நிறுத்தப்பட்டன என்றெல்லாம் பார்த்து எழுதினர். உச்ச நீதிமன்றம் 2014 மே 7ஆம் தேதி அளித்த தீர்ப்பில் அவ்வறிக்கைகள் இடம்பெற்றன, சல்லிக்கட்டு நின்றது. பின் 2017 ஜனவரியில் மெரினாக் கடற்கரையில் மாணவர்கள் திரண்டதும், மாநில அரசாங்கம் தனிச் சட்டம் செய்ததும், 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை ஏற்றதும் நீங்கள் யாவரும் அறிந்தவை.

இங்கே அமர்ந்திருப்போரில் பலர் காளை வளர்ப்பவர்கள். எம் தந்தையாரும் வளர்த்தவரே. அவ்வறிக்கைகளைப் படித்தபோது எமக்கும் முதலில் கோபம் வந்தது. ஆனால் படித்து முடித்தபின் ஒன்று தோன்றிற்று. வால் முறிந்த காளையை ஊரில் நாம் யாவரும் பார்த்திருக்கிறோம். எழுதி வைத்தது வெளியிலிருந்து வந்தவர். ஊரே பார்த்து, ஊரே கண்டித்துப் பதிவு செய்திருந்தால் வழக்கு டெல்லி வரை போயிருக்குமா என்பது ஐயமே. இன்று கலெக்டரின் அனுமதியும், இரட்டைத் தடுப்பும், களத்திற்கு முன் கால்நடை மருத்துவரின் பரிசோதனையும் விதிகளாகிவிட்டன. மருத்துவர் திருப்பி அனுப்பும் காளைக்குச் சிபாரிசு சொல்லப் பஞ்சாயத்து உறுப்பினர் எவரும் போகாதிருந்தால் போதும்.

மீண்டும் அவுட்டுக்காய்க்கு வருகிறோம். எம் மனத்தை விட்டு நீங்காதது அதுவே. முன்சொன்ன பசு இறந்து சில வாரம் சென்றபின், அதே ஓடைக்கரையில் மற்றொன்று வெடித்தது. இம்முறை ஆடு மேய்த்த சிறுவனின் நாய் இரையாயிற்று. நாய் முந்தியது, சிறுவன் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தான். அச்செய்தி கேட்டதும் எம் கை நடுங்கியது. ஐந்து நாள் தாமதித்த அந்த வழக்கு நடந்திருந்தால் இரண்டாவது உருண்டை அங்கே இருந்திராது.

இம்முறை ஊர் விழித்துக்கொண்டது. வார்டு உறுப்பினரான ஓர் அம்மையார், வெடித்த இடத்தைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு ஒருவரையும் அண்டவிடாமல் ஓர் ஆளைக் காவல் வைத்தார். 1962 என்ற இலவச எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கால்நடை ஆம்புலன்சை வரவழைத்தார். (வாரியம் பிறந்த ஆண்டும் 1962, அழைப்பு எண்ணும் 1962, நினைவில் வைக்க எளிது.) போலீஸ் நிலையத்துக்கும் வனத்துறைக்கும் அன்றிரவே எழுத்தில் புகார் போயிற்று. நாயைப் புதைக்காமல், ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருந்தனர். மறுநாள் காலை பிரேத பரிசோதனை நடந்தது. தாடையில் பதிந்திருந்த துணுக்குகளை மருத்துவர் எடுத்து முத்திரையிட்டார். போலீசார் ஓடைக்கரையைத் தேடியபோது வெடிக்காத உருண்டைகள் வேறு கிடைத்தன. அவற்றை ஒருவரும் கையால் தொடவில்லை. வெடிபொருள் அறிந்தவர்கள் வந்து அப்புறப்படுத்தினர். அத்தகைய பொருளைக் கண்டால் நீங்களும் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

"மருந்து எங்கிருந்து வந்தது?" விசாரணையில் முதல் கேள்வி இது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இக்கேள்வி எழுந்தவுடன் ஊர் வாயடைத்துப் போகிறது. இங்கே பட்டாசுத் தொழிலில் ஈடுபடாத குடும்பம் குறைவு. உரிமம் பெற்ற ஆலையில் உழைத்துப் பிழைப்போர், தம் மீது பழி வருமோ என்று அஞ்சுகின்றனர். ஆனால் மருந்து கசிவது பெரும்பாலும் வேறிடம்: உரிமமின்றி வீட்டுத் திண்ணையிலும் தோப்புக் கொட்டகையிலும் கருந்திரி சுற்றும் இடம், கழிவு மருந்தைக் கணக்கில்லாமல் விற்கும் இடம். அவ்விடங்களில் மனித உயிர்களும் போயிருக்கின்றன என்பதை இவ்வட்டாரத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டின் தாடையைச் சிதைத்த மருந்தைத் துப்புத் துலக்கப் போன அலுவலர், மனிதர் சாகக்கூடிய கொட்டகையைக் கண்டுபிடிக்கிறார். வெடிபொருளை வைத்திருப்பதே 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி கடுங்குற்றம். காட்டு விலங்குக்கு வைத்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. நம் மலையடிவாரமோ சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தையும் ஒட்டியது.

2020 மே மாதம் 27ஆம் தேதி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெள்ளியாற்றில் நின்றபடியே ஒரு கருவுற்ற யானை இறந்ததை நாடே பேசிற்று. அதன் வாயும் வெடிபொருளால் புண்பட்டிருந்தது. அதுவும் எரிச்சல் தாளாமல் தண்ணீருக்குள் முகத்தை வைத்தே நின்றது. படத்தைப் பார்த்தபோது எமக்கு அந்தப் பசுவின் நினைவே வந்தது. ஆங்கே வனத்துறையினர் உடனே பிரேத பரிசோதனை செய்தனர். ஜூன் முதல் வாரத்திற்குள் ஒருவர் கைதானார்.

பன்றி பயிரை அழிக்கிறதே, அதற்கு என்ன வழி என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ஓரிரவில் ஒரு கூட்டம் இறங்கினால் ஓர் ஏக்கர் மக்காச்சோளம் மண்ணாகிறது. அந்த உழவனைக் கொடியவன் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையின் இழப்பீடு உண்டு. 2025 தொடக்கத்தில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு மாநில அரசாங்கம் வழி செய்தது. இவற்றிற்கு மனு எழுதிக் கொடுத்து, தாமதமானால் பின்தொடர்ந்து நிற்பது பஞ்சாயத்தின் வேலை. மனு தேங்கிக் கிடக்கும் ஊரில்தான் அவுட்டுக்காயும், திருட்டு மின்வேலியும் முளைக்கின்றன.

வெடிச் சத்தத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. நம் பட்டாசைக் குறை கூறும் நோக்கம் எமக்கில்லை. சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஊரார், கண்மாயில் கூடு கட்டும் பறவைகளுக்காகப் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977இல் அது சரணாலயம் ஆயிற்று. எந்த அலுவலரும் அங்கே போய் வழக்கெழுத வேண்டி வந்ததில்லை. நாய் வாலில் சரவெடி கட்டும் பிள்ளைகள் நம் தெருவில் இருந்தால், அலுவலர் வரும்வரை காத்திராமல் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று நாட்டு நாய்களால் பெயர் பெற்ற மாவட்டம் இது. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலையே வெளிவந்தது.

நஞ்சிட்டுக் கொல்லும் வழக்குகளில் ஒரு நுணுக்கம் உண்டு. வயிற்றுப் பொருளையும் ஈரலையும் மருத்துவர் எடுத்து, உப்புக் கரைசலில் இட்டு முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப வேண்டும். நாறிய பின் எடுத்தால் பயனில்லை. ஆகவே ஆடோ நாயோ ஐயத்திற்கிடமாக இறந்தால், புதைகுழி தோண்டுமுன் மருத்துவருக்குச் சொல்லுங்கள். அருகில் சிந்திய சோறு, பொட்டலக் காகிதம், புட்டி ஆகியவற்றைக் கழுவாமல், ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி வையுங்கள். பார்த்தவரின் பெயரையும் மணியையும் பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். எம் வட்டாரத்தில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்கும்படி எல்லாப் பஞ்சாயத்துகளுக்கும் எழுதியிருக்கிறோம். சிலவற்றில் அப்பக்கம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அங்கெல்லாம் வதையே இல்லை என்று நம்ப நமக்கும் ஆசைதான்.

நாய் இறந்த வழக்கு நீதிமன்றத்தில் நடக்கிறது. சிறுவன் இரண்டு முறை சாட்சி சொல்லப் போய் வந்தான். வார்டு உறுப்பினர் அம்மையார் தம் செலவில் அவனை அழைத்துச் சென்றார். உருண்டையை விற்றவரின் பெயரும் குற்றப்பத்திரிகையில் இருக்கிறது. பசுவை இழந்த தாய்க்கு வழக்கு இல்லை; எழுத ஒன்றும் மிச்சமில்லாமல் போயிற்று. அவர் இப்போது வேறு ஒரு பசு வைத்திருக்கிறார். அதை மேய்ச்சலுக்கு விடுவதில்லை. கட்டுத்தறியிலேயே தீனி போடுகிறார். பேசி முடித்த தொகையில் மீதிப் பாதி அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை.